எத்தனை பேரில் எத்தனை பேர்: கருத்துக்கணிப்பையும் நேர்காணலையும் விரிதாளில் வரைபடமாக்குதல்

எடுத்துக்கொண்ட வேலை இது. ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள மகளிர் கல்லூரிக்கு மாணவிகள் எப்படி வந்து போகிறார்கள், வழியில் என்ன சிரமம் என்று கேட்ட படிவங்கள் 64. அதே மாணவிகளில் 10 பேரிடம் எடுத்த நேர்காணல்கள். இரண்டையும் விரிதாளில் ஏற்றி, நான்கு பக்க அறிக்கைக்குள் அடங்கும் வரைபடங்களாக்க வேண்டும். கீழே வரும் எண்கள் முறையை விளக்குவதற்காகவே அமைத்தவை; எந்தக் கல்லூரியின் உண்மைக் கணக்கும் அல்ல. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் மூன்றுக்கும் முறை ஒன்றுதான். வேறுபடும் இடங்களில் மட்டும் பெயர் சொல்லியிருக்கிறது.

கேள்வியிலேயே முடிவாகிவிடும் வரைபடம்

"எதில் வருகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "பஸ்" என்று ஒரே விடையை வைத்தால் பாதி ஆய்வு அங்கேயே போய்விடும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு என்றாலும், அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். புறநகர் பஸ்ஸில் ஏறும் மாணவிக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. செலவைப் பற்றிப் பேசப் போகும் அறிக்கையில் டவுன் பஸ், புறநகர் பஸ், மினி பஸ் மூன்றும் தனித்தனி விடைகளாக இருந்தாக வேண்டும். பிரித்து வாங்கிய விடையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சேர்த்து வாங்கியதைப் பிரிக்க வழியே இல்லை.

விடைகளின் சொற்களில் காற்புள்ளி வரக்கூடாது. கூகுள் ஃபார்ம்ஸில் பல விடைகளைத் தேர்ந்தால், அத்தனையும் ஒரே செல்லில் காற்புள்ளி போட்டு வந்து விழும். "சைக்கிள், ஸ்கூட்டி" என்று ஒரு விடை இருந்தால் பிரிக்கும்போது அது இரண்டாக உடையும்.

ஏற்றுவதும் துப்புரவும்

மூல ஷீட்டை ஒருபோதும் தொடக்கூடாது. "மூலம்", "துப்புரவு", "கணக்கு", "படம்" என நான்கு ஷீட் போதும். மூலத்தில் ஒரு எழுத்தும் மாறாது. திருத்தம் எல்லாம் இரண்டாவதில் நடக்கும்.

சிஎஸ்வி கோப்பை (விடைகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த எழுத்துக் கோப்பு) எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து வருவது வழக்கம். டேட்டா மெனுவில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாகப் போய், எழுத்துக் குறியாக்கத்தில் 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். கால்க் திறக்கும்போதே கேட்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் என்றால் இந்த மருந்து கேட்காது. அவற்றை முதலில் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

64-இல் இருமுறை அனுப்பியவை 3, எல்லாக் கேள்விக்கும் வெறுமையாக விட்டது 1. மிச்சம் 60. நீக்கிய நான்கையும் ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி துப்புரவு ஷீட்டின் அடியில் எழுதி வைப்பது நல்லது. 64 எங்கே 60 ஆனது என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

ஊர்ப் பெயரைக் கையால் எழுதச் சொன்னால் தமிழ் தன் வேலையைக் காட்டும். மேலூர், மேலுர், பின்னால் ஓர் இடைவெளியுடன் இன்னொரு மேலூர் என ஒரே ஊர் பிவட் டேபிளில் (வகைவாரியாக எண்ணித் தொகுத்துத் தரும் அட்டவணை) மூன்று வரியாக நிற்கும். கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர் கதை இதைவிட நீளம். இடைவெளியை டிரிம் சார்பு (ஃபங்ஷன்) தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் தொல்லை. "கௌ" என்பதை ஒருவர் ஔகார உயிர்மெய்யாகவும், இன்னொருவர் கெ, ள என்று இரண்டு எழுத்தாகவும் தட்டியிருப்பார். "கொ"வில் உள்ள ஒகரக் குறியே ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வரலாம். திரையில் ஒன்றுபோல் இருக்கும், எண்ணும்போது பிரிந்துபோகும். ஒத்துப்பார்க்க எளிய வழி, லென் சார்பால் இரண்டின் நீளத்தையும் அளப்பது. நீளம் வேறுபட்டால் சொல்லும் வேறு. ஊர்ப் பட்டியலைத் தனியாக வைத்து, டேட்டா வேலிடேஷன் மூலம் கீழ்விரி பட்டியலாகக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

காத்திருக்கும் நேரத்துக்கு "5-10" என்று எழுதியிருப்பார்கள். கையால் தட்டினாலும் சிஎஸ்வியைத் திறந்தாலும் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். நம் ஊர் அமைப்பில் அது அக்டோபர் 5. உள்ளே இருப்பது 1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் நாள் எண். 2025-ஆம் ஆண்டு என்றால் 45935. சராசரி எடுத்தால் ஒரு மாணவி நிறுத்தத்தில் 45,935 நிமிடம் நின்றிருப்பாள். இந்தத் தேதிப் பித்துக்குப் பயந்து மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீட்டுப் பெயரையே 2020-இல் மாற்றி அறிவித்தார்கள். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் வடிவத்தில் வைத்துவிட்டு ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு வடிவத்தை மாற்றினால் கிடைப்பது 45935 தான், பழைய 5-10 திரும்பி வராது. மூல ஷீட்டைத் தொடாதே என்பது இதற்கும்தான்.

பல விடைக் கேள்வி: இங்கேதான் அதிகம் சறுக்கும்

ஒரு செல்லில் "ஷேர் ஆட்டோ, நடை" என்று இருக்கிறது. ஆட்டோவில் வருபவர் எத்தனை பேர் என்று பார்க்க, கவுண்ட்இஃப் சார்பில் ஆட்டோ என்ற சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவோம். 20 என்று வரும். உண்மையில் ஆட்டோ 4 பேர், ஷேர் ஆட்டோ 18 பேர், இரண்டையும் குறித்தவர் 2 பேர். ஷேர் ஆட்டோவுக்குள்ளும் "ஆட்டோ" ஒளிந்திருப்பதால் 4 என்பது 20 ஆகிவிட்டது. பட்டை உயரமாக அழகாகத்தான் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்கு ஒரு துணை நெடுவரிசை போதும். மூல விடையின் முன்னால் காற்புள்ளியும் ஓர் இடைவெளியும், பின்னால் ஒரு காற்புள்ளியும் ஒட்டிவிட வேண்டும். இப்போது அது ", ஷேர் ஆட்டோ, நடை," என்றாகும். தேடும் சொல்லையும் அதேபோல ", ஆட்டோ," என்று இருபுறமும் அடைத்துத் தேடினால் ஷேர் ஆட்டோ மாட்டாது.

அதையும்விட நல்ல வழி, ஒவ்வொரு விடைக்கும் ஒரு நெடுவரிசை திறந்து 1 அல்லது 0 போடுவது. சர்ச் சார்பு அந்த அடைத்த சொல்லைக் கண்டால் 1, காணாவிட்டால் 0, கேள்வியையே விட்டிருந்தால் வெறுமை. வெறுமையையும் பூஜ்ஜியத்தையும் ஒன்றாக்கிவிட்டால் "இதில் வரவில்லை" என்றவரும் "சொல்லவில்லை" என்றவரும் ஒரே கூட்டமாகிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: சூத்திரம் தரும் வெற்று மேற்கோள் கண்ணுக்கு வெறுமைதான், ஆனால் கவுண்ட்ஏ அதையும் ஓர் ஆளாக எண்ணும். விடையளித்தோரை எண்ண, எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட் சார்பையே பயன்படுத்த வேண்டும்.

"மற்றவை" பெட்டியில் "அப்பா பைக்", "அண்ணன் வண்டி", "வீட்டு வண்டி" என வந்தவை 6. அவற்றுக்கு "வீட்டார் வண்டி" என்று ஒரு நெடுவரிசை. கூட்டிப் பார்த்தால்: டவுன் பஸ் 33, ஷேர் ஆட்டோ 18, நடை 15, புறநகர் பஸ் 14, ஸ்கூட்டி 12, மினி பஸ் 9, வீட்டார் வண்டி 6, ஆட்டோ 4. மொத்தம் 111. ஆட்கள் 60.

எதால் வகுப்பது? 111-ஆல் வகுத்தால் டவுன் பஸ் 30 விழுக்காட்டுக்கும் கீழே போகும்; 60-ஆல் வகுத்தால் 55 விழுக்காடு. "மாணவிகளில் பாதிக்கு மேல் டவுன் பஸ்ஸை நம்பியிருக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டுமானால் 60 தான் சரி. கூட்டுத்தொகை 185 விழுக்காடு வரும். அது பிழையல்ல, ஒருத்தி சராசரியாக 1.85 வழிகளில் வருகிறாள் என்று பொருள். வட்ட வரைபடம் இங்கே ஆகவே ஆகாது. விரிதாள் வாய் பேசாமல் 185-ஐ நூறாகச் சுருக்கி வட்டத்துக்குள் திணித்துவிடும்.

கிடைமட்டப் பட்டைதான் இதற்கு ஏற்றது. "வீட்டார் வண்டி" போன்ற பெயர்களைச் செங்குத்துப் பட்டையின் கீழே போட்டால் எழுத்து சாய்ந்துகொள்ளும். சாய்ந்த தமிழில் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டி வாசிக்க முடியாமல் போகும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். எக்செல் முதல் வரியை அடியில் வைத்து வரையும். அச்சு அமைப்பில் "கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்பதைக் குறித்தால் நிமிர்ந்துவிடும், ஆனால் எண் அச்சு மேலே ஏறிக்கொள்ளும். அதையும் இறக்க "அட் மாக்சிமம் கேட்டகரி" என்று கொடுக்க வேண்டும். அல்லது எண் அச்சையே அழித்துவிட்டு, பட்டை நுனியில் "33" என்று எண்ணை எழுதிவிடலாம். அதுவே மேல். அச்சு தெரிந்தாலும் மறைந்தாலும் தொடக்கம் பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும்.

நேரம்

காத்திருப்பு நேரத்தைக் கேட்டால் மனிதர்கள் 5, 10, 15, 30 என்றே சொல்வார்கள். யாரும் 13 நிமிடம் என்று சொல்வதில்லை. அதனால் 0–10, 10–20 என்று தொகுப்பு பிரித்தால் 10 என்ற பெருங்கூட்டம் சரியாக எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். ஒரு பக்கம் தள்ளினால் ஒரு படம், மறுபக்கம் தள்ளினால் வேறொரு படம். எல்லைகளை 7, 12, 17, 22, 27, 32 என்று வைத்தால் 5, 10, 15 எல்லாம் தொகுப்பின் நடுவில் விழும். ஃப்ரீக்வென்சி சார்புக்குக் கொடுக்கும் எண் அந்தத் தொகுப்பின் மேல் எல்லை. எல்லை எண்ணும் அதற்குள்ளேயே சேரும். நடுப்போக்கைச் சொல்ல மீடியன் (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) போதும். ஒரே ஒருவர் "2 மணி நேரம்" என்று எழுதிவிட்டால் சராசரி சாய்ந்துவிடும்.

ஏற்பும் மறுப்பும்

"மாலை 5 மணிக்கு மேல் போதிய பஸ் இருக்கிறது" என்ற வாக்கியத்துக்கு ஐந்து நிலை விடை. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த அளவுகோல் வழிவந்த முறை. கடும் மறுப்பு 17, மறுப்பு 15, நடுநிலை 8, ஏற்பு 12, முழு ஏற்பு 6. ஆக 58 பேர். இருவர் விடை சொல்லவில்லை.

1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தால் 2.57. அடுத்த வாக்கியம், "நிறுத்தத்தில் நிழல் இருக்கிறது": 3, 25, 23, 6, 0; ஆக 57 பேர், சராசரி 2.56. சராசரியை மட்டும் வரைந்தால் இரண்டு பட்டையும் ஒரே உயரம். ஆனால் முதலாவதில் 18 பேர் ஏற்கிறார்கள், 17 பேர் கடுமையாக மறுக்கிறார்கள். கல்லூரி இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இரண்டாவதில் பெரும்பாலோர் மந்தமாக நடுவில் நிற்கிறார்கள். சராசரி இங்கே உதவாது.

விடை சொல்லாதவர்களுக்கு 9 என்று குறியீடு போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த இருவரையும் சேர்த்தால் சராசரி 2.78 ஆகும். பார்ப்பவர் கண்ணில் தட்டாது. 99 போட்டிருந்தால் 5.78 வரும், ஐந்துக்கு மேல் சராசரி போகாதே என்று உடனே பிடிபடும். ஆக 99-ஐவிட 9 ஆபத்து. வெறுமையாக விடுவதே பாதுகாப்பு.

வரையும் முறை இது. கணக்கு ஷீட்டில் மறுப்பு, கடும் மறுப்பு, ஏற்பு, முழு ஏற்பு என்ற வரிசையில் நான்கு நெடுவரிசை. 58 பேரில் எத்தனை விழுக்காடு என்று போட்டு, முதல் இரண்டையும் எதிர்ம எண்ணாக்க வேண்டும்: −25.9, −29.3, 20.7, 10.3. அடுக்குப் பட்டை நடுக்கோட்டிலிருந்து வெளியே வளரும் என்பதால் "மறுப்பு" முன்னால் வந்தால்தான் "கடும் மறுப்பு" ஓரத்துக்குப் போகும். இந்த வரிசையைத் தவறவிட்டால் கடும் மறுப்பு நடுவில் உட்கார்ந்துகொள்ளும்; இந்தப் படத்தில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். நடுநிலையைப் பாதி பாதியாகப் பிரித்து இருபுறமும் ஒட்டுவோர் உண்டு. அப்படிச் செய்தால் இரு பக்கமும் உண்மையைவிட நீளமாகத் தெரியும். வலது ஓரத்தில் "நடுநிலை 8 பேர்" என்று எழுத்தாகப் போட்டுவிடுவது நேர்மை.

கழித்தல் குறி தெரியாமலிருக்க எண் வடிவத்தில் 0;0 என்று கொடுக்க வேண்டும். அரைப்புள்ளிக்குப் பின்னுள்ளது எதிர்ம எண்ணுக்கான வடிவம். அதில் குறி இல்லாததால் 29 என்று மட்டும் வரும். வாக்கியங்கள் நடுக்கோட்டில், பட்டைகளின் மேலேயே வந்து குவியும். எக்செல்லில் லேபிள் பொசிஷனை "லோ" ஆக்கினால் இடப்பக்கம் ஒதுங்கும். அச்சின் இரு முனையையும் −60, 60 என்று கையால் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கோடு நடுவில் இருக்காது. தானாக வரும் நிறவிளக்கத்தில் மறுப்பும் கடும் மறுப்பும் இடம் மாறி நிற்கும். அதை அழித்துவிட்டு மேல் பட்டையின் தலையிலேயே பெயர்களை எழுதுவது எளிது. சிவப்பு, பச்சை வேண்டாம். ஆரஞ்சு, நீலம் என்று எடுத்து, கடுமையான நிலைக்கு அடர்நிறம் கொடுத்தால், நிறக்குருடு உள்ளவருக்கும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் பிழைக்கும்.

குறுக்கு அட்டவணை

டவுன் பஸ் எல்லைக்குள் வசிப்பவர் 38, வெளியே 22. ஷேர் ஆட்டோவில் வருபவர் உள்ளே 8, வெளியே 10. எண்ணிக்கையை அப்படியே வரைந்தால் இரண்டும் அருகருகே நிற்கும். 8-ஐ 38-ஆலும் 10-ஐ 22-ஆலும் வகுத்தால் 21, 45. வித்தியாசம் இரு மடங்குக்கு மேல். பிவட் டேபிளில் விழுக்காடு கேட்கும்போது வரிவாரியாகவா, நெடுவரிசைவாரியாகவா என்று கேட்கும். தவறானதைச் சொடுக்கினால் 56 வரும்: ஷேர் ஆட்டோவில் வரும் 18 பேரில் 10 பேர் வெளியூர். அதுவும் உண்மைதான், ஆனால் வேறு வாக்கியம். படத்தின் தலைப்பை "வெளியே வசிக்கும் 22 பேரில்" என்று தொடங்கி எழுதினால் குழப்பம் வராது. மூலத் தரவு மாறினாலும் எக்செல்லின் பல பதிப்புகளில் பிவட் டேபிள் தானாக மாறாது, ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் தானாக மாறும்.

பிழை வரம்பு (உண்மை அளவு இவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லை) போடலாமா? 60 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்திருந்தால், 50 விழுக்காட்டுக்கு அருகில் அது ஏறத்தாழ ±12.7. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, வந்ததை வாங்கியிருந்தால் அந்த வாய்ப்பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. "குழுவில் பகிர்ந்து பெற்ற 60 விடைகள்" என்று அடியில் எழுதுவதே சரி.

நேர்காணல்

ஒரு வரியில் ஒரு கூற்று: நேர்காணல் எண் (நே01, நே02), கேள்வி, மேற்கோள், குறிப்புச்சொல் (கூற்று எந்தப் பொருளைப் பற்றியது என்று காட்டும் சொல்), தானாகச் சொன்னதா கேட்டபின் சொன்னதா. ஒரே கூற்று இரண்டு பொருளைத் தொட்டால் இரண்டு வரி. குறிப்புச்சொல் ஏழெட்டுக்குள் இருக்கட்டும், அதற்கும் கீழ்விரி பட்டியல் உண்டு.

"நேரம் தவறுதல்" 31 முறை, "பாதுகாப்புப் பயம்" 14 முறை. முறைகளை எண்ணிப் பட்டை வரைந்தால் நேரம்தான் தலையாய சிக்கல். ஆட்களை எண்ணினால் நேரத்தைச் சொன்னவர் 6 பேர், பயத்தைச் சொன்னவர் 9 பேர். 31-இல் 13 ஒரே மாணவியின் வாயிலிருந்து வந்தவை. வாயாடிக்குப் பதின்மூன்று ஓட்டுப் போட முடியாது. கூகுள் ஷீட்ஸ் பிவட்டில் கவுண்ட்யுனிக் என்று கேட்டால் ஆட்கள் வருவார்கள். எக்செல்லில் பிவட்டைத் தொடங்கும்போதே டேட்டா மாடலில் சேர்க்கச் சொன்னால்தான் "டிஸ்டிங்ட் கவுண்ட்" தென்படும்.

பத்துப் பேருக்கு விழுக்காடு வேண்டாம், பட்டையும் வேண்டாம். கட்டம் போதும்: மேலே நே01 முதல் நே10 வரை, பக்கத்தில் ஏழு பொருள்கள். தானாகச் சொன்னால் ●, கேட்டபின் சொன்னால் ○. கவுண்ட்இஃப்ஸ் இரண்டு இஃப்புக்குள் வைத்தால் சூத்திரமே புள்ளியை இடும். வரிகளைக் கூட்டுத்தொகைப்படியும், ஆட்களை எல்லைக்குள், வெளியே என்றும் அடுக்கினால் யார் எதைச் சொன்னார்கள் என்பது ஒரே பார்வையில் விழும். பயத்தின் வரியில் முழுப்புள்ளி அதிகமா வெற்றுப்புள்ளி அதிகமா என்பது பட்டை வரைபடத்தில் தெரியவே தெரியாது.

குறிப்புச்சொல்லை இருவர் தனித்தனியே இட்டு ஒப்பிட வேண்டும். 40 கூற்றுகளில் "பயம்" உண்டு என இருவரும் சொன்னது 14, இல்லை என இருவரும் சொன்னது 18, முதலாமவர் மட்டும் 5, இரண்டாமவர் மட்டும் 3. ஒத்துப்போனது 32, அதாவது 0.80. ஆனால் முதலாமவர் 19-க்கும் இரண்டாமவர் 17-க்கும் "உண்டு" என்றிருப்பதால், குருட்டாம்போக்கில் இட்டாலும் (19×17 + 21×23) ÷ 1600, அதாவது 0.504 ஒத்துப்போகும். 0.80-இலிருந்து அதைக் கழித்து, 1-இலிருந்தும் அதைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.60. இதுவே கோஹெனின் கப்பா. ஒத்துப்போகாத எட்டையும் உட்கார்ந்து பேசினால், பெரும்பாலும் குறிப்புச்சொல்லின் விளக்கம் தெளிவாக இல்லை என்பது வெளிவரும். "இருட்டிடும்னு சீக்கிரம் கிளம்பிடுவேன்" என்பது பயமா, நேரமா?

அறிக்கையில் ஒட்டும்போது

எக்செல் படத்தை வேர்டில் ஒட்டும்போது "எம்பெட்" வகையைத் தேர்ந்தால் படத்தோடு முழு விரிதாளும் உள்ளே போய்விடும். அறிக்கையைப் பெற்றவர் படத்தைச் சொடுக்கி, மறைத்து வைத்த நெடுவரிசையில் உள்ள பெயரையும் கைபேசி எண்ணையும் பார்க்கலாம். படமாக மட்டும் ஒட்ட வேண்டும். பெயருக்கும் நே எண்ணுக்குமான பட்டியல் வேறு கோப்பில், வேறு இடத்தில் இருக்கட்டும். சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரே ஒரு முதுகலை மாணவி வருகிறாள் என்றால், ஊரும் வகுப்பும் சேர்ந்தாலே அவள் யாரென்று தெரிந்துவிடும். அந்த மேற்கோளில் ஊரை எடுத்துவிட்டு "எல்லைக்கு வெளியே" என்று மட்டும் போடலாம்.

ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு வரி: "விடையளித்தோர் 58, விடை சொல்லாதோர் 2, நடுநிலை 8 படத்தில் இல்லை." எழுத்து 9 புள்ளிக்குக் குறையக்கூடாது. நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வைத்து, பிடிஎஃப் ஆக்கியபின் வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தபின் மொத்தப் பிரதிக்குக் கொடுக்கலாம்.